பாட்டுக்குள் இருந்த எரிமலை!
ஹவாய்த் தீவின் பழம் பாடல்கள் பிழைத்த கதை

எரிமலையைப் பற்றி விஞ்ஞானிகள் ஒன்று சொன்னார்கள். பாட்டிமார் பாடிய பழம் பாட்டு வேறொன்று சொன்னது. கடைசியில், பாட்டு சொன்னதே சரி என்று தெரிந்தது!

இது நடந்தது ஹவாய்த் தீவில்.

ஹவாய் எங்கே இருக்கிறது? பசிபிக் மகாசமுத்திரத்தின் நடுவில் இருக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் கரையைக் காண ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகவேண்டும். பெரிய தீவுகள் 8. எல்லாம் எரிமலை கக்கிய நெருப்புக் குழம்பு இறுகி உண்டானவை. ஒரு காலத்தில் தனி ராஜ்யமாக இருந்தது. 1959-ம் ஆண்டு முதல் அமெரிக்காவின் 50-வது மாநிலம்.

அங்கே கீலாவேயா என்று ஓர் எரிமலை உண்டு. அதன் உச்சியில் மிகப் பெரிய பள்ளம். ஒரு கரையிலிருந்து மறு கரைக்குச் சுமார் 3 கிலோமீட்டர். இந்தப் பள்ளம் எப்போது உண்டாயிற்று? 1790-ம் ஆண்டில் எரிமலை பயங்கரமாக வெடித்தது. அப்போதுதான் உண்டாகியிருக்கவேண்டும் என்று விஞ்ஞானிகள் வெகு காலம் நம்பினார்கள்.

பாட்டு சொல்லும் கதையைக் கேளுங்கள்.

அக்காளும் தங்கையும்

எரிமலையின் தெய்வம் பெலே. அவளுக்கு ஒரு செல்லத் தங்கை. பெயர் ஹியாக்கா. பெலேக்குத் தொலைதூரத் தீவில் ஒரு காதலன் இருந்தான். அவன் பெயர் லோஹியாவு. "நீ போய் அவனை அழைத்து வா" என்று தங்கையை அனுப்பினாள் அக்காள்.

தங்கை ஒரு நிபந்தனை போட்டாள். "நான் திரும்பி வரும்வரை என் பூங்காட்டை எரிக்கக்கூடாது!"

சரி என்றாள் பெலே. ஆனால், போன தங்கை குறித்த நாளில் திரும்பவில்லை. வழியெல்லாம் ஆபத்து. அக்காளுக்குச் சந்தேகம் வந்தது. கோபம் பொங்கியது. தங்கையின் பூங்காட்டை நெருப்புக் குழம்பால் எரித்துவிட்டாள்! தங்கையின் ஆருயிர்த் தோழியும் அதில் மாண்டாள்.

திரும்பி வந்த தங்கை இதைக் கண்டாள். மனம் கொதித்தது. பள்ளத்தின் விளிம்பில், அக்காள் கண்ணெதிரே, அவளுடைய காதலனைக் கட்டி அணைத்தாள். அவ்வளவுதான்! பெலே அவனை நெருப்பால் மூடிவிட்டாள்.

அவன் உடலைத் தேடித் தங்கை மலையைத் தோண்டினாள். பாறைகள் பறந்தன. "இனியும் தோண்டாதே! தண்ணீர் வந்து நெருப்பை அணைத்துவிடும்!" என்று மற்றவர்கள் தடுத்தார்கள்.

இது கதை. காதலும் கோபமும் கலந்த நல்ல கதை என்று ஆராய்ச்சியாளர்கள் ஒதுக்கி வைத்துவிட்டார்கள்.

பிறகு, நெருப்புக் குழம்புக்கு அடியில் கிடந்த மரக்கரியை எடுத்துச் சோதித்தார்கள். மரம் எப்போது எரிந்தது என்பதைக் கரி காட்டிக் கொடுக்கும். 15-ம் நூற்றாண்டில் சுமார் 60 ஆண்டுகள் நெருப்புக் குழம்பு இடைவிடாமல் ஓடிப் பெருங்காட்டை அழித்தது தெரிந்தது. அது முடிந்தபின், 1500-ம் ஆண்டையொட்டி, மலை உச்சி இடிந்து விழுந்து பள்ளம் உண்டானதும் தெரிந்தது. முதலில் காடு எரிந்தது, அப்புறம் பள்ளம். பாட்டுக் கதையில் உள்ள அதே வரிசை!

அமெரிக்க அரசாங்கத்தின் நிலவியல் நிபுணர் டொனால்ட் ஸ்வான்சன் 2008-ம் ஆண்டில் இதை ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டார். பாட்டைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் 1790 என்ற கணக்கை முன்பே சந்தேகித்திருக்கலாம்!

தொண்டைதான் ஏடு

ஹவாய் மக்களுக்கு ஆதியில் எழுத்து கிடையாது. ஏடு இல்லை, கல்வெட்டுச் சாசனம் இல்லை. எல்லாம் பாட்டில் இருந்தது.

ராஜாவின் வம்சம் பாட்டு. கடவுளுக்குப் பிரார்த்தனை பாட்டு. பிள்ளை பிறந்தால் அதன் பெயருக்கு ஒரு பாட்டு. இறந்தவருக்கு ஒப்பாரி. மீன் எப்போது வரும், மழைக்கு எந்த ஊரில் என்ன பெயர், எந்தக் காற்று எங்கிருந்து வீசும் என்பதற்கும் பாட்டு உண்டு. பாட்டுக்கு அவர்கள் மொழியில் "மெலே" என்று பெயர். ஆட்டம் இல்லாமல் குரலால் மட்டும் ஓதுவது "ஓலி". ஆட்டத்தோடு சேர்ந்தது "ஹுலா".

ஹுலா என்றதும் சினிமாவில் புல் பாவாடை கட்டி இடுப்பை அசைக்கும் ஆட்டம்தான் பலருக்கு நினைவு வரும். அது உல்லாசப் பயணிகளுக்காக வந்த வேஷம். உண்மையான ஹுலாவில் பாட்டுதான் எஜமானன். கையும் காலும் அதற்கு வேலைக்காரர்கள். பாட்டில் மழை வந்தால் கை மழையைக் காட்டும். பூ வந்தால் பூவைக் காட்டும். பக்கத்தில் சுரைக்குடுக்கை தாளம் போடும். சுறாமீன் தோல் போர்த்திய முரசும் உண்டு.

கற்றுக்கொள்வது சுலபம் அல்ல. மாணவர்கள் குருவின் கூடத்தில் தங்கவேண்டும். ஆட்டத்தின் தெய்வத்துக்கு அங்கே இலையும் கொடியும் சூட்டிய பீடம் இருக்கும். உணவிலும் நடத்தையிலும் பல விலக்குகள் உண்டு. சொல் தவறக்கூடாது. மூச்சு இடையில் அறுந்து சொல் உடைந்தால் அபசகுனம்!

அவர்களுடைய பாடல்களில் பெரியது "குமுலிபோ". இதில் 2,102 அடிகள்! ஓர் அரச குழந்தை பிறந்தபோது, 1700-ம் ஆண்டையொட்டி இயற்றப்பட்டது என்பார்கள். உலகம் இருட்டில் தொடங்குகிறது. முதலில் பவளப் பூச்சி பிறக்கிறது. பிறகு புழு, நட்சத்திர மீன், சிப்பி, மீன், பறவை என்று வரிசையாக உயிர்கள் வருகின்றன. அதற்கப்புறம்தான் பகல், மனிதன், கடைசியில் ராஜ வம்சம். இவ்வளவும் புத்தகம் இல்லாமல் மனப்பாடம்!

தடை வந்தது

1778-ம் ஆண்டில் ஆங்கிலேய மாலுமி காப்டன் குக் வந்து இறங்கினார். கப்பல்களோடு வெள்ளைக்காரர்களின் வியாதிகளும் வந்தன. அம்மை, தட்டம்மை முதலியவை தீவு மக்களை வாரிக்கொண்டு போயின. அதற்கு முன் பல லட்சம் பேர் இருந்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். 1890-ம் ஆண்டில் அந்த இனத்தில் மிஞ்சியவர்கள் சுமார் 40,000 பேர். பாட்டு தெரிந்த கிழவர் ஒருவர் இறந்தால், ஒரு புத்தகசாலை எரிந்த மாதிரி. எத்தனை புத்தகசாலைகள் எரிந்தனவோ!

1820-ம் ஆண்டில் அமெரிக்கப் பாதிரிமார்கள் வந்தார்கள். அவர்கள் ஒரு கையால் கொடுத்தார்கள்; மறு கையால் பறித்தார்கள்.

கொடுத்தது எழுத்து. ஹவாய் மொழிக்கு எத்தனை எழுத்து தெரியுமா? பன்னிரண்டுதான்! உயிர் 5, மெய் 7. நம்முடைய 247 எழுத்தைப் பார்த்தால் அவர்கள் மயங்கி விழுந்துவிடுவார்கள். 12 எழுத்தை மக்கள் வெகு வேகமாகப் படித்துக்கொண்டார்கள். கிழவர்களும் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தார்கள்.

பறித்தது ஆட்டம். ஹுலா பாவம் என்றார்கள். கிறிஸ்தவ மதத்தைத் தழுவிய அரசி காவாஹுமானு 1830-ம் ஆண்டில் அதைத் தடை செய்தாள். பிறகு, லைசென்ஸ் வாங்கினால் ஆடலாம் என்று சட்டம் வந்தது. இடைப்பட்ட காலத்தில் கிராமத்து மூலைகளில், இரவில், ரகசியமாகக் கற்றுக்கொடுத்தார்கள்.

கற்ற எழுத்தை மக்கள் சும்மா விடவில்லை. 1834 முதல் 1948 வரை, ஹவாய் மொழியில் நூற்றுக்கு மேற்பட்ட பத்திரிகைகள் வெளிவந்தன. மொத்தம் சுமார் 1,25,000 பக்கங்கள். அவற்றில் ஊர்ச் செய்தி மட்டுமா இருந்தது? வாசகர்கள் தங்கள் குடும்பத்துப் பாட்டுகளை எழுதி அனுப்பினார்கள்! "என் தாத்தா இப்படிப் பாடினார்" என்று ஒருவர் எழுதுவார். "இல்லை, எங்கள் ஊரில் வேறு மாதிரி" என்று அடுத்த வாரம் இன்னொருவர் சண்டைக்கு வருவார். அந்தச் சண்டையால் இரண்டு பாட்டும் பிழைத்தன.

ராஜா செய்த காரியம்

1874-ல் பட்டத்துக்கு வந்தவர் கலாகாவா ராஜா. உல்லாசப் பிரியர். உலகத்தையே சுற்றி வந்த முதல் அரசர் இவர். 1881-ம் ஆண்டுப் பயணத்தில் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும்கூட வந்து போனார். அமெரிக்க ஜனாதிபதி மாளிகைக்கு மின்சார விளக்கு வரும் முன்பே இவருடைய அரண்மனையில் எரிந்தது!

1883-ம் ஆண்டில் முடிசூட்டு விழா நடத்தினார். ஒதுங்கிக் கிடந்த ஆட்டக்காரர்களையும் பாட்டுக்காரர்களையும் அரண்மனை முற்றத்துக்கு அழைத்தார். எல்லோரும் பார்க்க ஹுலா நடந்தது. பாதிரிமார் கூட்டம் கொதித்தது. பாட்டுகளின் நிகழ்ச்சி நிரலை அச்சடித்தவர்கள்மீது ஆபாச வழக்கே போட்டார்கள்! ராஜா மசியவில்லை.

இன்னொன்றும் செய்தார். குமுலிபோ அவருடைய வம்சத்தின் சொத்து. வெளியார் காதில் விழக்கூடாத ரகசியம். "இவர் உண்மையான ராஜ வம்சமா?" என்று எதிரிகள் கேட்டுக்கொண்டிருந்த காலம். 1889-ல் அந்தப் பாட்டை அச்சில் வெளியிட்டார். அரசியலுக்காகச் செய்தார் என்று சொன்னாலும் பாதகம் இல்லை. பாட்டு தப்பியது.

சிறையில் ஒரு ராணி

கலாகாவா 1891-ல் காலமானார். அவர் தங்கை லிலியுவோகலானி ராணியானாள். இவள் பாட்டு இயற்றுவதில் கெட்டிக்காரி. உலகம் எங்கும் விடைபெறும்போது பாடும் "அலோஹா ஓயே" என்ற பாட்டு இவள் இயற்றியதுதான். 1878-ல் எழுதினாள்.

1893-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி, சர்க்கரை முதலாளிகளும் அவர்கள் நண்பர்களும் சேர்ந்து ராணியைக் கவிழ்த்தார்கள். அமெரிக்கக் கப்பற்படை வீரர்கள் துப்பாக்கியோடு கரையில் நின்றார்கள். ரத்தம் சிந்த வேண்டாம் என்று ராணி பதவியை விட்டாள்.

புதிய அரசாங்கம், சம்பளம் வாங்குகிறவர்கள் எல்லாம் தனக்கு விசுவாசப் பிரமாணம் செய்யவேண்டும் என்றது. ராஜாங்க பாண்டு வாத்தியக்காரர்களுக்கும் அதே உத்தரவு. அவர்கள் மறுத்தார்கள். "கையெழுத்துப் போடாவிட்டால் கல்லைத்தான் தின்னவேண்டும்" என்று மிரட்டல் வந்ததாம். வேலையை உதறிவிட்டு, எலன் பிரண்டர்காஸ்ட் என்ற மாதிடம் போனார்கள். "எங்களுக்கு ஒரு பாட்டு எழுதிக் கொடுங்கள்" என்றார்கள். அவள் எழுதினாள். உங்கள் பணம் எங்களுக்கு வேண்டாம், எங்கள் மண்ணின் கல்லே போதும் என்பது அதன் கருத்து. "கல் தின்னும் பாட்டு" என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. கேட்டால் சந்தோஷமான மெட்டு! அர்த்தம் தெரியாதவர்கள் தாளம் போட்டு ரசிப்பார்கள். ஒரு சொல்லுக்குள் இன்னொரு பொருளை ஒளித்து வைப்பதில் ஹவாய்க்காரர்கள் சூரர்கள். அதற்குக் "கவோனா" என்று பெயர்.

1895-ல் ராணியின் ஆதரவாளர்கள் கலகம் செய்தார்கள். தோற்றார்கள். ராணியைப் பிடித்து அவளுடைய அரண்மனையிலேயே ஒரு மாடி அறையில் அடைத்தார்கள். பத்திரிகை கொடுக்கக்கூடாது என்று உத்தரவு. வாத்தியம் இல்லை. வாயால் முனகிச் சுரத்தைப் பிடித்துக் காகிதத்தில் பாட்டு எழுதினாள். அந்த அறையில் அவள் தொடங்கிய இன்னொரு வேலை, குமுலிபோவை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பது! விடுதலையான பிறகு முடித்து 1897-ல் வெளியிட்டாள். நாடு போயிற்று, 1898-ல் அமெரிக்கா இணைத்துக்கொண்டது. வம்சத்தின் பாட்டை மட்டும் ராணி விடவில்லை.

பாட்டி கொடுத்த சொத்து

அடுத்த அடி பள்ளிக்கூடத்தில் விழுந்தது. 1896-ம் ஆண்டுச் சட்டப்படி எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில். ஹவாய் மொழி பேசிய பிள்ளைகளுக்குத் தண்டனை. அடி வாங்கி வளர்ந்தவர்கள், தங்கள் பிள்ளைகளுக்கு அந்த மொழியைச் சொல்லித்தரப் பயந்தார்கள். "நமக்குத்தான் அடி, குழந்தைக்கு வேண்டாம்" என்று நினைத்தார்கள். தாய்மாரின் இந்தப் பாசம்தான் மொழிக்கு எமனாக வந்தது.

ஆனால் ஒரு பாட்டி வேறு மாதிரி இருந்தாள்.

மூத்த பெண் குழந்தை தாய்வழிப் பாட்டிக்குச் சொந்தம் என்பது ஹவாய் வழக்கம். 1895-ல் காவு என்ற வட்டாரத்தில் பிறந்த மேரி கவெனா அப்படித்தான் பாட்டியிடம் வளர்ந்தாள். பாட்டி, எம்மா ராணியின் அரண்மனையில் ஆடிப் பாடியவள். பேத்திக்குப் பாட்டு, கதை, பழமொழி எல்லாம் ஊட்டினாள். சில ஆண்டுகளில் பாட்டி இறந்துபோனாள். ஊட்டியது மறக்கவில்லை. அப்பா அமெரிக்கர், ஆகவே ஆங்கிலமும் வந்தது. இரண்டு மொழியும் வீட்டு மொழி!

மேரி கவெனா புக்குயி என்று பின்னால் பெயர் பெற்ற இந்த அம்மாள் ஹோனலூலு நகரத்தின் பிஷப் மியூசியத்தில் வேலை பார்த்தார். 1957-ம் ஆண்டில், சாமுவேல் எல்பர்ட் என்ற பேராசிரியரோடு சேர்ந்து ஹவாய் மொழிக்கு அகராதி வெளியிட்டார். 2,942 பழமொழிகளைத் தொகுத்தார். நூற்றைம்பதுக்கு மேல் பாட்டு இயற்றினார். இதையெல்லாம்விடப் பெரிய காரியம், ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு தீவு தீவாகப் போனதுதான். முதியவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர்களைப் பேச வைத்தார், பாட வைத்தார்.

எல்லோரும் உடனே பாடிவிடவில்லை. "இது எங்கள் குடும்பத்துப் பாட்டு. வெளியாருக்கு எப்படிக் கொடுப்பது?" என்றார்கள் சிலர். இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பெயர்ப் பாட்டு ஒருவருடைய ஆபரணம் மாதிரி. கண்டவர்கள் எடுத்துப் பூட்டிக்கொள்ளலாமா? வாரிசு இல்லாமல் செத்தால் பாட்டும் குழிக்குப் போகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். தெரிந்தே கொண்டுபோனவர்களும் உண்டு. புக்குயி அம்மாள் 1986-ல் காலமானார்.

மெழுகில் பிடித்த குரல்

இவருக்கு முன்பே ஒரு பெண் இந்த வேலையைத் தொடங்கினாள். அவள் பெயர் ஹெலன் ராபர்ட்ஸ். அமெரிக்க இசை ஆராய்ச்சியாளர். 1923, 1924-ம் ஆண்டுகளில் தீவுகள் எங்கும் சுற்றினாள். அவள் கையில் இருந்தது மெழுகு உருளை. பாடுகிறவர் குழல் வாயில் பாடுவார். ஊசி அசைந்து மெழுகில் கோடு கிழிக்கும். திரும்ப ஓட்டினால் குரல் கேட்கும். ஆனால், ஓட்ட ஓட்ட மெழுகு தேயும்! பூஞ்சையும் பிடிக்கும்.

குலுவாய்மாகா என்ற கிழவரின் குரலையும் 1930-களில் பதிவு செய்தார்கள். கலாகாவா ராஜாவின் அரசவையில் பாடியவர் அவர். அப்போது அவருக்குத் தொண்ணூறைத் தொட்ட வயது. ராஜா கேட்ட குரலை இன்று நாமும் கேட்கலாம்!

பத்திரிகையில்தான் பாட்டு அச்சாகிவிட்டதே, குரல் எதற்கு? இங்கேதான் சூட்சுமம். ஹவாய் மொழியில் நெடில் குறிலும், தொண்டையைச் சட்டென்று அடைத்துத் திறக்கும் ஒலியும் அர்த்தத்தை மாற்றிவிடும். "பவு" என்றால் முடிந்தது. "ப-உ" என்றால் புகைக்கரி. "ப-ஊ" என்றால் ஈரம். "பா-ஊ" என்றால் பாவாடை! பழைய பத்திரிகைகளில் பெரும்பாலும் இந்தக் குறிகள் இல்லை. நாலும் ஒரே மாதிரி அச்சாகியிருக்கும். முடிந்ததா, பாவாடையா? குரலைக் கேட்டவருக்குத்தான் தெரியும்.

மறுபடியும் பிறந்தது

1970-களில் இளைஞர்கள் விழித்துக்கொண்டார்கள். "எங்கள் முன்னோர் நட்சத்திரம் பார்த்துக் கடல் கடந்து வந்தார்கள்" என்று பாட்டு சொல்லிக்கொண்டிருந்தது. அதெல்லாம் காற்று அடித்துக் கரை ஒதுங்கியது என்று சில அறிஞர்கள் கேலி செய்தார்கள். பழைய வடிவில் ஓர் இரட்டைத் தோணி கட்டினார்கள். பெயர் ஹோகுலேயா. 1976-ம் ஆண்டில் திசைகாட்டும் கருவி இல்லாமல் தாகித்தித் தீவுக்கு ஓட்டிப் போய்ச் சேர்ந்தார்கள்!

1978-ல் ஹவாய் மொழி ஆங்கிலத்தோடு ஆட்சிமொழி ஆயிற்று. ஆனால் பேசப் பிள்ளைகள் வேண்டுமே? நீஹாவு என்ற சிறு தீவை விட்டால், அந்த மொழி பேசும் சிறுவர்கள் ஐம்பது பேர்கூட இல்லை என்று கணக்கிட்டார்கள். 1984-ல் "பூனானா லேயோ" என்ற குழந்தைப் பள்ளி தொடங்கியது. குரல் கூடு என்று அர்த்தம். உள்ளே ஹவாய் மொழி தவிர வேறு மொழி கிடையாது. பழைய சட்டம் குறுக்கே நின்றது. பெற்றோர் போராடி 1986-ல் அதை மாற்றினார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, இன்று பழைய பத்திரிகைகளைப் படித்துப் பாட்டுகளைத் தோண்டி எடுக்கிறார்கள். 2011-ல் ஆயிரக்கணக்கான தொண்டர்கள் பழைய பக்கங்களைக் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்ய முன்வந்தார்கள்.

ஹிலோ என்ற ஊரில், ஒவ்வோர் ஆண்டும் ஈஸ்டர் பண்டிகையையொட்டி ஹுலாப் போட்டி நடக்கிறது. 1971-ல் தொடங்கிய போட்டி. கலாகாவா ராஜாவின் பட்டப் பெயரே அதற்குச் சூட்டப்பட்டிருக்கிறது. நடக்கும் அரங்கத்துக்கு எடித் கனகாவோலே என்ற அம்மாளின் பெயர். 1979-ல் மறைந்த பெரிய பாடகி, ஆசிரியை. 2023-ல் அமெரிக்க அரசாங்கம் கால் டாலர் நாணயத்தில் அவர் உருவத்தை அச்சடித்தது. அறிவைத் தா என்று வேண்டி அவர் இயற்றிய பாட்டை ஓதிவிட்டு வகுப்பைத் தொடங்கும் பள்ளிகள் பல.

போட்டியில் ஒரு நாள் பழைய பாணிக்கு. அன்று கிட்டார் கிடையாது, சுரைக்குடுக்கையும் முரசும்தான். மேடை ஏறும் முன், குழுவின் குரு ஒரு குறிப்பை நடுவர்களிடம் கொடுத்துவிடவேண்டும். பாட்டின் சொற்கள் என்ன, அதன் பொருள் என்ன, உள்ளே ஒளிந்திருக்கும் பொருள் என்ன என்று அதில் எழுதியிருக்கும். நடுவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆட்டத்தைப் பார்க்கிறார்கள்.